பனிமலையைப் பார்த்தோம், பின்சட்டத்தைப் பார்த்தோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் நெடும்பயணத் தொடர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மலையையும் பனியையும் வர்ணித்த அளவுக்கு வண்டியைக் கவனிக்கவில்லை. ‘லாங் வே ரவுண்ட்’ தொடரில் நடிகர்கள் இவான் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் 2004இல் லண்டனில் கிளம்பி, கிழக்கே சுற்றி நியூயார்க் போய்ச் சேர மூன்றரை மாதம் ஆனது. ஓட்டியது பிஎம்டபிள்யூ ஆர்1150 ஜிஎஸ் அட்வெஞ்சர். சாமான் ஏற்றாமலே கால் டன் எடை. மங்கோலியாவில் ஒளிப்பதிவாளரின் வண்டிச் சட்டம் (ஃபிரேம்) முறிந்து, அவர் ஒரு ரஷ்ய வண்டியில் ஏறிப் போகிறாரே, நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

தொடரைப் பார்த்துவிட்டு லடாக் கிளம்பும் கடலூர், புதுவைப் பிள்ளைகள் முதலில் வாங்குவது அலுமினியப் பெட்டி. வெறும் பெட்டியே ஜோடி பத்து கிலோவைத் தாண்டும். கேனில் 20 லிட்டர் பெட்ரோல் என்றால் இன்னொரு 15 கிலோ. இவ்வளவும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும்போது, ஒவ்வொரு பள்ளத்திலும் கடப்பாரை போட்டு நெம்புவதுபோல், சீட்டையும் பெட்டியையும் தாங்கும் பின்சட்டத்தை நெம்பும். சீட்டுக்குப் பின்னால் மேலே மாட்டும் டாப் பாக்ஸ் அதைவிட மோசம், அச்சிலிருந்து தூரம் அதிகம். கனமான டூல்ஸ், டியூப், தண்ணீர் எல்லாம் கீழேயும் முன்னாலேயும் இருக்க வேண்டும். மேலே துணிமணி போதும். ஆள், பெட்ரோல், சாமான் சேர்த்து எவ்வளவு எடை தாங்கும் என்பது வண்டியோடு தரும் கையேட்டிலேயே இருக்கிறது. அதை யாரும் பிரிப்பதில்லை.

கிளம்பும் முன் சீட்டைக் கழற்றி, பின் ஷாக் மேலே மாட்டும் இடத்தையும் பெட்டித் தாங்கியின் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைக் கோடு, அதில் துரு கசிவு என்றால் விரிசல் என்று அர்த்தம். உப்புக்காற்றில் நிற்கும் நம் ஊர் வண்டிகளில் துரு வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் பிடிக்கும்.

வழியில் முறிந்தால் எந்த ஊரிலும் வெல்டிங் பட்டறை கிடைக்கும். ஆபத்தும் அங்கேதான். பெட்ரோல் டேங்கை இறக்கி, பேட்டரியின் இரண்டு முனையையும் (மைனஸ் முதலில்) கழற்றி, ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) பிளக்குகளைப் பிடுங்கிய பிறகே வெல்டிங் ராடை வைக்க விட வேண்டும். எர்த் கிளிப் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தூரத்தில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் பாயும். விரிசலின் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டு, முறிந்த குழாய்க்கு உள்ளே ஒரு துண்டுக் குழாயைச் செருகிப் பற்றவைத்தால் ஊர் வந்து சேரலாம். மேலே மட்டும் பூசினால் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும்.

கட்டுரை மெய்சிலிர்த்த சைபீரிய ‘எலும்புச் சாலை’யில், ஆறு பெருகிய இடங்களில் அவர்கள் வண்டிகளை லாரியில் ஏற்றினார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தைப் பார்த்த நமக்குத் தெரியாததா? தண்ணீரில் அணைந்த வண்டியில் செல்ஃபை அழுத்தவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியை வடித்து, கியர் போட்டுத் தள்ளினால் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் மாற்றி, சிறிது ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் பனிமலைப் படம் ஒன்றைக் குறைத்து, சாமான் கட்டிய வண்டியின் பக்கவாட்டுப் படம் ஒன்று போடுங்கள்.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்