ட்ரவுட்: ஆணா, பெண்ணா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ட்ரவுட் மீனை நிறம் பார்த்து ஆண், பெண் என்று பிரிப்பது பெரும்பாலும் தவறும். நீரும் இரையுமே நிறத்தை மாற்றிவிடும். தாடையைப் பாருங்கள். வளர்ந்த மீனில் மேல்தாடை எலும்பு கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நீண்டு, முகமும் கூர்மையாக இருந்தால் அநேகமாக ஆண். பெண்ணுக்கு முகம் குட்டை, தாடை கண்ணளவோடு நின்றுவிடும். முட்டையிடும் பருவத்தில் ஆணின் கீழ்த்தாடை நுனி கொக்கிபோல் மேலே வளையும். பெண்ணின் வயிறு புடைத்து, கழிவுத்துளை துருத்தி நிற்கும். பழுப்பு ட்ரவுட் என்ற இனத்துக்கு முட்டையிடும் பருவம் இலையுதிர் காலத்தில், வானவில் ட்ரவுட் என்ற இனத்துக்குப் பெரும்பாலும் வசந்தத்தில். சிறு மீன்களில் இவை தெளிவாகத் தெரியாது, ஊகிக்கவே வேண்டாம்.

வயிற்றை அழுத்திப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முட்டை வீணாகும், உள்ளுறுப்பும் நசுங்கும். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்துப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
தூண்டில் மீன்பிடிப்பவர் ஒருவர்