கார்டுகளை மூடும் முன் ஒரு கடிதம்

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். காலையில் நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. "மூணு கிரெடிட் கார்டு சும்மாவே கிடக்குதுப்பா, இந்த வாரமே எல்லாத்தையும் மூடிட்டு அந்தப் புதுக் கார்டுக்கு அப்ளை பண்ணப் போறேன்" என்றாய். கொஞ்சம் பொறு என்று நான் சொல்வதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டது. கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய விஷயம் இது. எழுதி வைத்தால் மாப்பிள்ளையும் படிப்பார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாப்பா. புதுக் கார்டு கைக்கு வரும் வரை எதையும் மூடாதே. வந்த பிறகு ஒன்றோ இரண்டோ மூடலாம். ஆனால் 2014-ல் முதல் வேலையில் சேர்ந்ததும் வாங்கினாயே, அந்தக் கார்டு உன்னிடமே இருக்கட்டும்.

சும்மா கிடக்கும் கார்டுகளை மூடினால் புதுக் கார்டு சுலபமாகக் கிடைக்கும் என்று உன் ஆபீஸ் தோழி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒருவருடைய சம்பளத்துக்கு எவ்வளவு லிமிட், அதாவது கார்டில் எடுக்க அனுமதித்த உச்சத் தொகை, ஏற்கெனவே வெளியில் கிடக்கிறது என்று சில வங்கிகள் பார்க்கத்தான் செய்யும். ஆனால் உன் சம்பளத்துக்கு உன் லிமிட் பெரிதல்ல. மூடுவதால் உனக்கு வரும் நஷ்டம்தான் பெரிது. போன பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னவற்றை என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். முதல் கார்டு 70,000 லிமிட், ஆண்டுக் கட்டணம் கிடையாது. நீ தினமும் தேய்க்கும் கார்டு 1,50,000. வருஷம் 999 ரூபாய் கேட்கிற கார்டு 80,000. நாலாவது, ஷாப்பிங்குக்காக வாங்கியது. அது நீ தேய்க்கும் கார்டைக் கொடுத்த அதே வங்கியுடையது, லிமிட்டும் இரண்டுக்கும் பொது. ஆக மொத்தம் 3 லட்சம்.

மாதம் சுமார் 60,000 செலவு செய்கிறாய். 3 லட்சத்தில் அது 20 சதவீதம். 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது கடன் கொடுக்கும் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. சும்மா கிடக்கும் மூன்றையும் நீ மூடினால் மிஞ்சுவது ஒன்றரை லட்சம். செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஆனால் அதே 60,000 இப்போது 40 சதவீதம். கையைக் கடித்துக்கொண்டு வாழ்கிற ஆள் மாதிரி உன் கடன் ரிப்போர்ட் காட்டும். அந்த நேரம் பார்த்துப் புதுக் கார்டுக்குப் போய் நின்றால் எப்படி?

சிபில் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது 2000-ல் தொடங்கிய நிறுவனம். அதோடு சேர்த்து எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள் நம் நாட்டில் யார் எவ்வளவு கடன் வாங்கி எப்படிக் கட்டுகிறார் என்ற கணக்கை வைத்திருக்கின்றன. அதைத்தான் ரிப்போர்ட் என்கிறோம். சிபில் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. எதற்கு எத்தனை மார்க் என்ற முழுச் சூத்திரத்தை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. ஆனால் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பது தெரியும்: தவணை தவறாமல் கட்டினாயா, லிமிட்டில் எவ்வளவு எடுத்திருக்கிறாய், எத்தனை வருஷமாகக் கடன் கணக்கு வைத்திருக்கிறாய், சமீபத்தில் எத்தனை இடத்தில் கடன் கேட்டாய்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. முப்பது வருஷம் உரக்கடையில் நான் செய்ததும் இதுதான். மஞ்சள் விற்றதும் தருகிறேன் என்று யூரியாவும் பொட்டாஷும் கேட்டு வருகிறவரை நான் எப்படி நம்பினேன்? பற்று வரவு நோட்டைப் பின்னால் புரட்டுவேன். பதினைந்து வருஷப் பக்கங்கள் இருந்து, ஒவ்வொரு வெள்ளாமைக்கும் பாக்கி தீர்ந்திருந்தால் மறுபேச்சில்லாமல் மூட்டையை ஏற்றிவிடுவேன். ஒரே வாரத்தில் நாலு கடையில் கடன் கேட்டவர் என்று காதில் விழுந்தால் கை தயங்கும். உன் 2014 கார்டு அந்தப் பழைய பக்கம். சல்லிக்காசு கட்டணம் இல்லாமல் உனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை ஏன் கிழிக்க வேண்டும்?

அதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். புதுக் கார்டுக்கு ஒரே இடத்தில் மட்டும் விண்ணப்பம் போடு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த வங்கி உன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும், அது பதிவாகும். நீயே உன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் மார்க் குறையாது, பயப்படாதே. நாலு நிறுவனங்களிலும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் இலவசம். முதலில் அதை எடு.

இனி, இதுவரை உன்னிடம் சொல்லாத ஒரு சங்கதி.

அம்மாவின் ஆரம் எங்கே என்று உன் பட்டமளிப்பு விழா போட்டோவைப் பார்த்து நீ கேட்டாய். லாக்கரில் இருக்கிறது என்று சொன்னோம். லாக்கரில் இல்லை, அடகுக் கடையில் இருந்தது.

2008-ல் கடைக்கே வந்து ஒரு பையன் கார்டு கொடுத்தான். இரண்டு முறை தேய்த்தேன், பணத்தைக் கட்டினேன், பீரோவில் போட்டேன். அடுத்த வருஷம் வீடு மாறினோம். முகவரியை மாற்றச் சொல்லி எழுதவில்லை. ஆண்டுக் கட்டணம் 750 ரூபாய் விழுந்தது, பில் பழைய வீட்டுக்குப் போனது. அதற்குத் தாமதக் கட்டணம், அதன் மேல் வட்டி, வட்டிக்கு வரி. 2011-ல் வசூல் ஆள் போன் செய்தபோது தொகை 11,000-ஐத் தாண்டியிருந்தது. நான் வாங்காத பொருளுக்கு 11,000. "அஞ்சாயிரம் கட்டிடுங்க சார், முடிச்சுடலாம்" என்றார். நிம்மதியாகக் கட்டினேன். கடிதமும் வந்தது.

2013-ல் குடோன் கட்ட வங்கியில் கடன் கேட்டேன். கடை நன்றாக ஓடிய காலம், கணக்கெல்லாம் சுத்தம். மேனேஜர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கார்டுக்கு எதிரே 'செட்டில்டு' என்று இருந்தது. மூடியதும் அதுவும் ஒன்றுதானே என்று நினைத்தேன். ஒன்றில்லை, பாப்பா. முழுப் பாக்கியும் கட்டி முடித்தால் 'குளோஸ்டு'. பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு', அதாவது இந்த ஆள் முழுசாகக் கட்டவில்லை என்று அர்த்தம். விட்டுப்போன மீதியையும் கட்டி, பாக்கி இல்லை என்று சான்றிதழ் வாங்கி, பதிவை மாற்ற வைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. குடோன் வேலையைப் பாதியில் நிறுத்த முடியாமல் ஆரம் போனது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து மீட்டோம். இன்றும் அந்த ஆரத்தை அவள் போடும்போதெல்லாம் எனக்கு அந்த 750 ரூபாய்தான் நினைவுக்கு வரும்.

அதனால் சும்மா கிடக்கும் கார்டு ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கட்டணம் கேட்கிற கார்டைக் கவனிக்காமல் போட்டு வைப்பதுதான் ஆபத்து. அந்த 999 ரூபாய் கார்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 1,179 ரூபாய். கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தருவார்களா என்று கேள். பல நேரம் செய்வார்கள். முடியாது என்றால், புதுக் கார்டு வந்த பிறகு மூடிவிடு. அப்போது புதுக் கார்டின் லிமிட் சேர்ந்திருக்கும், சதவீதம் அவ்வளவாக ஏறாது. ஷாப்பிங் கார்டையும் அப்போதே மூடலாம். பொது லிமிட் என்பதால் உனக்கு அதில் குறையப்போவது ஒன்றுமில்லை.

மூடும் விதம் முக்கியம். கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடியதாகாது. ரிவார்டு பாயின்ட் இருந்தால் முதலில் பயன்படுத்திவிடு. அந்தக் கார்டிலிருந்து தானாகப் போகிற சந்தா, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாவற்றையும் வேறு கார்டுக்கு மாற்று. இன்னும் பில்லில் ஏறாத தொகை, இஎம்ஐ பாக்கி எதுவும் இல்லை என்று பார். பிறகு எழுத்தில் கேள், மின்னஞ்சல் போதும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்தக் கூடாது. 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உனக்குத் தர வேண்டும். மூடிவிட்டோம் என்ற பதிலைப் பத்திரப்படுத்து. இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்து 'குளோஸ்டு' என்று இருக்கிறதா என்று உன் கண்ணால் பார்.

அப்புறம் அந்த 2014 கார்டு. அதே விதியில் இதுவும் இருக்கிறது: ஒரு வருஷத்துக்கு மேல் தேய்க்காத கார்டை, உனக்குத் தகவல் சொல்லி, 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கியே மூடலாம். தகவல் குறுஞ்செய்தியாக வரும், நீ விளம்பரம் என்று தள்ளிவிடுவாய். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அம்மாவின் போன் ரீசார்ஜை அதில் போடு. பில் முழுத்தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடு. குறைந்தபட்சத் தொகை என்பதைத் தேர்வு செய்துவிடாதே, மீதிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டி ஓடும்.

நான் இத்தனை எழுதுவது புதுக் கார்டுக்காக மட்டுமில்லை. அடுத்த வருஷம் வீட்டுக் கடன் எடுக்கப் போகிறீர்கள். மார்க்கைப் பார்த்து வட்டியைக் கூட்டிக் குறைக்கும் வங்கிகள் பல. 40 லட்சம், 20 வருஷம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். எட்டரை சதவீதம் என்றால் மாதத் தவணை 34,713. ஒன்பது என்றால் 35,989. அந்த அரை சதவீதம் 20 வருஷத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. உண்மையில், வீட்டுக் கடன் முடிகிற வரை இந்தப் புதுக் கார்டே வேண்டுமா என்று இருவரும் உட்கார்ந்து யோசியுங்கள். தள்ளிப்போட்டால் எனக்குச் சந்தோஷம். வேண்டும் என்று முடிவு செய்தால் இப்போதே போடு, வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே.

அம்மா மஞ்சள்தூளும் நாட்டுச் சர்க்கரையும் கட்டி வைத்திருக்கிறாள், வியாழக்கிழமை பார்சல் ஆபீஸில் போடுகிறேன். அந்த 999 ரூபாய் கார்டின் கட்டணம் எந்த மாதம் விழும் என்று பழைய ஸ்டேட்மென்ட்டில் பார்த்து எனக்கு ஒரு வாட்ஸ்அப் போடு. நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா