மாவு மில்லில் சொன்னது

கும்பகோணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

அப்பாவுக்கு மூட்டு அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நடக்கச் சொன்னால் சிடுசிடுக்கிறார் என்றாயே, பரவாயில்லை, நடக்க வை. இங்கே அம்மா வழக்கம்போல எல்லோரையும் விரட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

நீ போனில் கேட்டதற்கு அன்று மழுப்பிவிட்டேன். மகள் கதவைச் சாத்திக்கொள்கிறாள், எது கேட்டாலும் எரிந்து விழுகிறாள், பதினான்கு வயதில் இதெல்லாம் சாதாரணம்தானா என்று கேட்டாய். பெரும்பாலும் சாதாரணம்தான். ஆனால் அப்படியே நினைத்துக்கொண்டு நான் நான்கு மாதம் ஏமாந்தேன்.

கதிர் பத்தாம் வகுப்பில் 500க்கு 467 எடுத்ததை ஊர் முழுக்கச் சொன்னேன். உனக்கே இரண்டு முறை சொன்னேன். அதுவரை தமிழ் வழியில் படித்தவனை, டாக்டராக வேண்டுமே என்று பதினொன்றில் ஆங்கில வழியில் முதல் குரூப்பில் சேர்த்தோம். ஆடி கழிந்ததும் பையன் மாற ஆரம்பித்தான். ஞாயிறு தவறாமல் கைப்பந்து ஆடப் போகிறவன் போவதை நிறுத்தினான். படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன், பார்த்துக்கொள். திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி, ஓமத் தண்ணீர் கொடுத்தேன். இரவு இரண்டு மணிவரை விளக்கு எரியும். காலை ஐந்தரை டியூஷனுக்கு எழுப்பினால் சண்டை. அழுது வடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவன் கோபமாக அல்லவா இருந்தான்! இந்த வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வெளிவரும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் திமிர்.

ஒருநாள் கோதுமை அரைக்க மில்லுக்குப் போனோம். தூக்கு கனம் என்பதால் அவனும் வந்தான். உனக்குத்தான் தெரியுமே அந்த இரைச்சல். பெஞ்சில் இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். ஏதோ சொன்னான். "என்னடா?" என்றேன். "ஒன்றும் புரியவில்லை அம்மா" என்றான். மில் சத்தத்தில் நான் பேசுவது புரியவில்லை என்கிறான் போலும் என்று நினைத்து, "நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கத்தினேன். அவனும் கத்தினான்: "வகுப்பில் அம்மா! ஜூனிலிருந்து ஒன்றுமே புரியவில்லை!" அதற்குள் மெஷினை நிறுத்திவிட்டார்கள். கடைசி வார்த்தை மட்டும் கடை முழுக்கக் கேட்டது. அவன் காதெல்லாம் சிவந்துபோயிற்று. சூடான மாவைத் தூக்கிக்கொண்டு நான் வாயைத் திறக்காமல் வீடு வரைக்கும் நடந்தேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அன்றிரவு மொட்டை மாடியில், "செத்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா?" என்று நேராகவே கேட்டேன். நாக்கு வரவில்லை மல்லிகா. கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அப்படி ஆகாது, கேட்பதுதான் சரி என்று டாக்டரும் பின்னர் சொன்னார். "சாக வேண்டும் என்றில்லை. காலையில் எழுந்திருக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும்" என்றான். அந்த நிமிடத்தில் என் மருத்துவர் கனவு எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்போதே 14416க்குப் போட்டேன். அரசின் மனநல உதவி எண்; இரவு பகல் எந்நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசினார்கள், பணம் கிடையாது. அவர்கள் சொன்னபடி மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். "நம் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நம் காலத்தில் 1200 மார்க்குக்கு நீயும் நானும் விடுதிக் குளியலறையில் அழுததைச் சொன்னேன். மறுபேச்சில்லை.

டாக்டர் முதலில் தூக்கத்தைத்தான் கேட்டார். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டுமாம். உடம்பும் இயல்பாகவே தாமதமாகத்தான் தூக்கத்துக்குப் போகுமாம். ஐந்தரை டியூஷன் அன்றோடு நின்றது. வேதியியல் ஆசிரியர் தங்கமானவர். பாடப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பைத் தேடிக் கொடுத்தார். "ஆக்சிடேஷன் என்றால் ஆக்சிஜனேற்றம்தானா?" என்று அவன் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தெரிந்த பாடத்தைத் தெரியாதென்று நினைத்து அத்தனை மாதம் குமைந்திருக்கிறான். இப்போது இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறான். எல்லா நாளும் நல்ல நாளில்லை. போன வாரம் இரண்டு நாள் மறுபடி சுருண்டு படுத்தான்.

உன் மகள் சாத்தும் கதவை விடு, அது அவள் வயது. முன்பு ஆசையாகச் செய்த எதையாவது விட்டுவிட்டாளா, தோழிகளை ஒதுக்குகிறாளா, சாப்பாடும் தூக்கமும் மாறியிருக்கிறதா, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீள்கிறதா என்று பார். தனக்குப் பிடித்த பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறாள் என்றாலோ, இருந்து என்ன பயன் என்று பேசினாள் என்றாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதே, தனியாகவும் விடாதே.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். தன்னைப் பற்றி நான் சொந்தக்காரர்களிடம் போனில் பேசியதையெல்லாம் கதிர் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்று விடாமல் ஒப்பித்தான். வீட்டில் உன் மகள் இருக்கும்போது நீயும் என்னைக் கூப்பிடாதே, எழுது.

இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "மல்லிகா அத்தைக்குத்தானே, எழுது. இந்தப் பரீட்சை மார்க்கை மட்டும் எழுதாதே" என்றான். அதனால் எழுதவில்லை.

உன்,
பார்வதி