விரல் அசைவுகளுக்கும் எழுத்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபநாசம் அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என் கணவரின் அத்தைக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடமே பார்க்காமல் காலமெல்லாம் நடவுக்குப் போன அவரிடம்தான் வயற்காட்டுச் சைகைகளை மகள் கற்றுக்கொண்டாள். சென்ற தை மாதம் அத்தை காலமாகிவிட்டார்.

அவர் இருந்தபோதே அந்தச் சைகைகளை ஒரு நோட்டில் தமிழில் எழுதிவைத்தேன். நாற்று பறிப்பதற்கும் நடுவதற்கும் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்தே வரும். ஒன்றில் விரிந்த விரல்கள் குவிந்தபடி கை மேலே எழும், மற்றதில் குவிந்த விரல்கள் கீழே இறங்கி விரியும். நானோ இரண்டுக்கும் 'மூன்று விரலையும் குவிக்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இவ்விரண்டையும் மகள் திருத்திவிட்டாள். மடைக்கும் களத்துக்கும் அத்தை காட்டிய சைகைகளை என் எழுத்தைப் படித்து எங்கள் இருவராலும் மீட்க முடியவில்லை.

இதற்கென்றே குறியீட்டு முறைகள் உள்ளன. அமெரிக்கச் சைகை மொழிக்கு வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் ஒரு முறையை வகுத்தார். நடன அசைவுகளை எழுத ஏற்கெனவே ஒரு முறையை உருவாக்கியிருந்த வேலரி சட்டன், 1974-இல் சைகைகளுக்கான 'சைன்ரைட்டிங்' முறையைத் தொடங்கினார். அதில் சைகை செய்பவர் தம் உள்ளங்கையைப் பார்த்தால் கைவடிவம் வெள்ளையாகவும், புறங்கையைப் பார்த்தால் கறுப்பாகவும் இருக்கும். விரலின் நடு மூட்டு மடங்கினால் நிரப்பிய புள்ளி, நிமிர்ந்தால் வெற்றுப் புள்ளி. கை செல்லும் திசைக்கு அம்புக்குறி. நான் கோட்டைவிட்ட வேறுபாட்டை ஓர் அம்பும் ஒரு புள்ளியும் காட்டிவிடும். 2015 முதல் இக்குறிகள் யூனிகோடிலும் உள்ளன.

செல்பேசியில் படம் பிடித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். படம் பிடிக்கத்தான் வேண்டும். அத்தையைப் படம் பிடிக்காமல் விட்டது என் தவறு. ஆனால் படத்தைப் பார்க்கத்தான் முடியும். குழந்தை தன் மொழியில் தானே ஒரு வரி எழுதிப் பார்க்க அது உதவாது. டெல்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி பெரும் பணி. அது காணொளி அகராதி. பொருள் தெரியாத சைகை ஒன்றைக் கண்டவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கைவடிவ வரிசை வேண்டும், அந்த வரிசைக்குக் குறியீடு வேண்டும். ஸ்டோக்கியின் 1965 அகராதி கை நிற்கும் இடம், கைவடிவம், அசைவு ஆகியவற்றின் குறியீட்டு வரிசையில் அடுக்கப்பட்டது.

அசைவைப் பதிந்துவைப்பது தஞ்சை மண்ணுக்குப் புதிதன்று. பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் நடன அசைவுகளான 108 கரணங்களுள் 81 கல்லில் நிற்கின்றன. மீதிக்கான கற்கள் செதுக்கப்படாமலே இருக்கின்றன.

டெல்டா மாவட்டங்களின் சிறப்புப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு முதலிலும், பிறகு பிள்ளைகளுக்கும் சைன்ரைட்டிங் குறியீட்டைக் கற்பிக்க அரசு ஆவன செய்ய வேண்டும். ஊர்களில் எஞ்சியிருக்கும் காது கேளாத முதியோரின் உழவுச் சைகைகளைத் திரட்டும் பணியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். அழைத்தால் நோட்டை எடுத்துக்கொண்டு மகளுடன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.