தூண்டில் போட லைசென்ஸ்

டல்லாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

"ஏரியில் தூண்டில் போடக்கூடவா காசு?" என்று போனில் சிரித்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆமாம், காசுதான். அதிலும் உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை, வெளி மாநிலத்தானுக்கு ஒரு விலை. டெக்சஸில் ஏரி, ஆற்றில் மீன் பிடிக்க வருடத்துக்கு எனக்கு 30 டாலர். நியூ ஜெர்சியிலிருந்து வந்த நண்பனுக்கு 58. அவன் இந்த நாட்டுக் குடிமகன், நான் விசாவில் இருப்பவன். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இங்கே குடியிருந்தாலே உள்ளூர்க்காரன் என்பதுதான் கணக்கு. தூண்டில் கடைப் பெண் என் டிரைவிங் லைசென்ஸைப் பார்த்துவிட்டு 30 டாலர் பில் போட்டாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மீனாவது பரவாயில்லை. வேட்டை லைசென்ஸ் உள்ளூர்க்காரனுக்கு 25 டாலர், வெளியாளுக்கு 315. இது வந்தவன் தலையில் மிளகாய் அரைப்பதுதான். வெளியூர்க்காரனுக்கு இங்கே ஓட்டு இல்லையே, யார் கேட்பது?

கேட்டும் பார்த்திருக்கிறார்கள். மொன்டானாவில் எல்க் என்று நம் கடமானைவிடப் பெரிய மான் உண்டு. 1976இல் அதை வேட்டையாட உள்ளூர்க்காரனுக்கு 9 டாலர். வெளியாள் மற்ற வேட்டைகளையும் சேர்த்து 225 டாலர் லைசென்ஸாகத்தான் வாங்கியாக வேண்டும். பக்கத்து மாநிலங்களைத் தாண்டி மின்னசோட்டா மாநிலத்திலிருந்து வேட்டைக்கு வந்தவர்கள் சிலர் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். எல்க் வேட்டை பொழுதுபோக்கு, பிழைப்பு இல்லை, மாநிலம் கூடுதலாக வாங்கலாம் என்று 1978இல் தீர்ப்பாகிவிட்டது. நீதிபதிகளில் மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. துப்பாக்கி, தோட்டாவுக்கு 1937 சட்டப்படியும் மீன்பிடி சாமான்களுக்கு 1950 சட்டப்படியும் மத்திய அரசு ஒரு வரி வாங்கி மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. லைசென்ஸ் காசில் கை வைக்கும் மாநிலத்துக்கு அந்தப் பங்கு நின்றுபோகும். அதனால் ஏரிகளில் மீன் குஞ்சு விடுவதும் காவலுக்கு ஆள் போடுவதும் ஒழுங்காக நடக்கிறது. லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீன் பெரும்பாலான ஏரிகளில் 14 அங்குலம் இல்லையென்றால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். படகில் ஸ்கேல் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். உங்கள் கெண்டை ஆசைக்கு இது ஒத்துவராது என்று தெரியும்.

நீங்கள் வந்தால் வெளியாள்தான். ஒரு நாள் லைசென்ஸ் 16 டாலர். ஸ்டேட் பார்க் ஏரிக்கரையில் பிடித்தால் லைசென்ஸே வேண்டாம், நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஜூன் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுக்க எல்லோருக்கும் இலவசம். பேரனுக்கு 17 வயது ஆகும் வரை எப்போதும் இலவசம். டிக்கெட்டை மே கடைசிக்குப் போடட்டுமா? அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்