கல்யாணப் பெண்ணுக்கு ஒரு கைப்பை

மதுரை,
ஆடி வெள்ளி

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் மகளின் கல்யாணப் பத்திரிகையும் முந்தாநாள் ஒன்றாக வந்து சேர்ந்தன. பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிடுவாயே, அதே நீ இப்போது மகளுக்குச் சீர்த்தட்டு அடுக்கப் போகிறாய். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா!

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவர் ரிட்டயர் ஆனதிலிருந்து விடிந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறார். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. வைகாசியில் கல்யாணமான என் மகள் போன வாரம் ஆடிக்கு அழைத்து வந்ததில் இங்கேதான் இருக்கிறாள்.

“ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்” என்று கேட்டிருந்தாய். மண்டபம், சமையல், மேளம், தாம்பூலப்பை எல்லாம் நீ எப்போதோ எழுதி வைத்திருப்பாய். நான் சொல்ல வருவது பெண்ணைப் பற்றி. அன்றைக்கு மண்டபமே அவளைத்தான் பார்க்கும். ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்று பார்க்க ஆள் இருக்காது. நீ பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. வாசலுக்கும் மணவறைக்கும் நடக்கவே உனக்கு நேரம் சரியாக இருக்கும். நானும் அப்படித்தான் கோட்டைவிட்டேன்.

என் மகள் கல்யாணத்தில் முகூர்த்தம் காலை 6 மணிக்கு. முந்தின இரவு வரவேற்பில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, பதினொரு மணிக்கு இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தவளை மூன்று மணிக்கு எழுப்பினோம். உதட்டுச்சாயம் போட்டாகிவிட்டது என்று காபியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஹோமப்புகை, கழுத்தில் கனமான மாலை, வெறும் வயிறு. மாலை மாற்றும்போது அவள் கை நடுங்குவதைப் பார்த்த என் தங்கை மகள் ஓடிப்போய், சர்க்கரை போட்ட பாலில் ஸ்ட்ரா வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம்தான் முகத்தில் ரத்தம் வந்தது. தாலி ஏறும்வரை சாப்பிடக் கூடாது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும், பாலும் ஒரு வாழைப்பழமும் கொடுத்துவிடு. மேக்கப் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கொடு.

புடவைக்கு வருகிறேன். வரவேற்புக்குக் குதிகால் செருப்போடு நின்று கட்டிப் பார்த்த உயரத்திலேயே முகூர்த்தப் புடவையையும் கட்டிவிட்டார்கள். மணவறையில் வெறுங்கால்தானே! இரண்டு விரல் புடவை தரையில் புரண்டது. அக்கினியை வலம் வரும்போது கொசுவத்தைத் தானே மிதித்து ஒரு நிமிஷம் தடுமாறினாள். பக்கத்தில் நெருப்பு, என் நெஞ்சு நின்றே போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லிக் கட்டச் சொல். கூரைப்புடவை மாற்ற உள்ளே போனால் வெளியே “பொண்ணை வரச் சொல்லுங்க, நேரமாகுது” என்று குரல் கேட்டபடி இருக்கும். முதல் நாளே மடிப்பு எடுத்து, அயர்ன் செய்து, ஊக்கு குத்தி வைத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் கட்டிவிடலாம். ப்ளவுஸை ஒரு தடவையாவது போட்டு, கையைத் தூக்கி, குனிந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம், ஒட்டியாணம் மாட்டுவதற்கு முன்னால் பாத்ரூம் போய்வரச் சொல்.

மெட்டி விஷயத்தை மட்டும் மறந்துவிடாதே. கடையில் போட்டுப் பார்த்து அளவாகத்தான் வாங்கினோம். இரவெல்லாம் நின்ற காலில் விரல் வீங்கும் என்று யாருக்குத் தோன்றியது? அம்மி மேல் கால் வைத்திருக்கிறாள், மாப்பிள்ளை மெட்டியைத் தள்ளுகிறார், பாதி விரலுக்கு மேல் ஏறவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தார்கள். வலிடி. விரித்துப் போடுகிற மாதிரி மெட்டி வாங்கு. கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் பக்கத்தில் இருக்கட்டும்.

தாலி கட்டும்போது ஜடையையும் மாலையையும் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும், அடுத்த முடிச்சுகளுக்கு நாத்தனார் பூஜடைக்கும் ஆரத்தின் கொக்கிக்கும் நடுவில் கயிற்றைத் தேடித் தடவிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் அட்சதை விழுந்தபடி இருந்தது.

மருதாணியை இரண்டு நாள் முன்னாலேயே வைத்துவிடுங்கள், நிறம் ஏற ஒரு நாளுக்கு மேல் ஆகும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்பதை வாங்காதே. அதில் தலைமுடிச் சாயத்தில் போடுகிற ரசாயனம் கலந்திருக்கும், தோல் கொப்பளிக்கும். உன் மகள் லென்ஸ் போடுகிறாள் அல்லவா? புகையில் கண் எரிந்தால் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்ளக் கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. மாதவிலக்குத் தேதி பக்கத்தில் வருமானால் இப்போதே டாக்டரிடம் கூட்டிப்போ. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். அப்படியே வந்துவிட்டாலும் அவள் ஒளித்து வைத்துத் தவிக்கக் கூடாது. உன்னிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை நீதான் முன்கூட்டியே கொடுக்க வேண்டும்.

பத்திரிகையில் பத்து எடுத்துப் பத்திரமாகப் பீரோவில் வை. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 90 நாளுக்குள் செய்துவிட்டால் நல்லது, அதற்கு மேல் போனால் கூடுதல் கட்டணம். பதிவு அலுவலகத்தில் பத்திரிகையும் கேட்பார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பத்திரிகையில் ஒரு மாதிரி பெயர் இருந்ததில் எங்களுக்கு இரண்டு நடை வீணானது. விசாவுக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்பட்டதால் மாப்பிள்ளையும் தவித்துப்போனார்.

அதனால்தான் சொல்கிறேன், உன் அண்ணன் மகளையோ, மகளின் சிநேகிதியையோ அன்றைக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காமல் பெண்ணோடு நிற்க வை. தோளில் ஒரு பை இருக்கட்டும். ஊக்கு, ஊசிநூல், கைக்குட்டை, ஸ்ட்ரா, குளுக்கோஸ், தலைவலி மாத்திரை, நாப்கின், பாத்ரூம் போக ரப்பர் செருப்பு, பெண்ணின் போன்.

எல்லாம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஜடையை நான் பிரித்தேன். நாற்பத்திரண்டு ஹேர்பின். ஒவ்வொன்றாக எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன். பின் குத்தியிருந்த இடமெல்லாம் சிவந்திருந்தது. எண்ணெய் தொட்டுத் தடவினேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு முழுக்க அவளோடு நான் தனியாக இருந்தது அந்த அரைமணி நேரம்தான். அந்த நேரத்தில் உன்னை யாரும் கூப்பிடாதபடி பார்த்துக்கொள். வெளியே வேலையை நான் கவனிக்கிறேன்.

நாங்கள் இரண்டு நாள் முன்னாலேயே ரயிலேறி வந்துவிடுவோம். முகூர்த்தத்துக்குக் கட்ட இங்கிருந்து மல்லிகை கொண்டுவருகிறேன். அந்தப் பையையும் நானே தைத்துவிட்டேன். நீ நிரப்ப வேண்டாம், நிரப்பியே எடுத்து வருகிறேன். மகளுக்கு என் ஆசீர்வாதம்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழி