டவரில் அல்ல, சமிக்ஞைப் பாதையில் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மழைக்காலம் வந்தால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரே முறைப்பாடுதான்: போனில் சிக்னல் முழுதாக நிற்கிறது, அழைப்பு மட்டும் போவதில்லை, வங்கியின் ஓ.ரி.பி.யும் வருவதில்லை. டவர் பழுது என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறோம். திரையில் தெரியும் கோடுகள் போனுக்கும் டவருக்கும் இடையிலான அலையின் பலத்தை மட்டுமே காட்டுகின்றன. அழைப்பு இணைய வேண்டுமானால், அழைக்கப்படுபவர் எங்கே இருக்கிறார், அவருடைய இணைப்பு வெறுமையா, குரலை எந்த வழியால் அனுப்புவது என்று நிலையங்கள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாற வேண்டும். இதுவே எஸ்.எஸ்.7 எனப்படும் சமிக்ஞை வலையமைப்பு. இன்று அது பெரும்பாலும் இணையத்தில் பயன்படும் ஐ.பி. முறைப் பாதைகளின் மேல்தான் ஓடுகிறது. அங்கே வரும் பழுதைப் பற்றித்தான் இக்கடிதம்.

பழைய முறையில் ஈ-1 எனும் 2.048 மெகாபிட் இணைப்பின் 32 கூறுகளில் ஒன்று, 64 கிலோபிட் வேகத்தில், சமிக்ஞைக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. வேறெந்தப் போக்குவரத்தும் அதற்குள் நுழையாது. சொல்ல எதுவும் இல்லாத நேரத்திலும் இரு முனைகளும் வெற்றுச் செய்திகளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே கம்பி அறுந்தால் உடனே தெரியும். மாற்று இணைப்புக்குத் தாவும்போது காத்திருக்கும் நேரம் 500 முதல் 1200 மில்லிசெக்கன் வரைதான்.

இதையே ஐ.பி.யில் கொண்டுசெல்லும் முறைக்கு சிக்ட்ரான் என்று பெயர். அதன் கட்டமைப்பு 1999இல் ஆர்.எப்.சி. 2719 ஆக வெளிவந்தது. இணையத்தில் வழமையான ரி.சி.பி. எனும் அனுப்பு முறை இதற்கு உதவவில்லை. அதில் ஒரு பொதி (தரவுத் துண்டு) தொலைந்தால் பின்னால் வரும் எல்லாச் செய்திகளும் வரிசையில் தேங்கும்; ஒரு முனைக்கு ஒரு முகவரிதான். ஆகவே 2000ஆம் ஆண்டில் எஸ்.சி.ரி.பி. எனும் புதிய அனுப்பு முறை உருவானது. ஒரே இணைப்புக்குள் பல ஓடைகள், ஒவ்வொரு முனைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகள் ஆகிய இரண்டும் அதில் உண்டு. அதன் மேல் எம்3யூஏ எனும் இணக்க அடுக்கு அமர்ந்து எஸ்.எஸ்.7 செய்திகளைச் சுமக்கிறது. 4ஜி டவருக்கும் மைய நிலையத்துக்கும் இடையிலான கட்டுப்பாட்டுச் செய்திகளும் இதே எஸ்.சி.ரி.பி.யில்தான் போகின்றன. எனவே இதை 2ஜி காலத்துச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது.

கோளாறு பெரும்பாலும் தொடங்குவது, எஸ்.சி.ரி.பி.யின் நேர அளவுகளை அதன் தர ஆவணத்தில் உள்ளபடியே விட்டுவிடுவதில்தான். மீள அனுப்பக் காத்திருக்கும் நேரம் குறைந்தது 1 செக்கன், கூடியது 60 செக்கன், ஒரு பாதைக்கு 5 மீள்முயற்சி என்பவை அந்த அளவுகள். பாதை அறுந்தால் 1, 2, 4, 8, 16, 32 என்று காத்திருப்பு இரட்டித்துக்கொண்டே போகும். ஆறாவது முறையும் தவறிய பிறகுதான், அதாவது 63 செக்கன் கழித்துத்தான், அந்தப் பாதை செத்தது என்று முடிவாகும். தவறிய செய்தி இடையில் மாற்றுப் பாதையால் போகலாம். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு செய்தியும் அதுவரை முதலில் அறுந்த பாதையில்தான் போய் முட்டும். ஓர் அழைப்பை அமைக்கப் பல செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வர வேண்டும். மறுமுனையின் பதிலுக்கு நிலையம் காத்திருப்பதோ 20 முதல் 30 செக்கன். பாதை மாறுமுன் அழைப்புக் கைவிடப்பட்டுவிடும்.

குறைந்தபட்சக் காத்திருப்பை 250 மில்லிசெக்கன், கூடியதை 500, மீள்முயற்சியை 3 என்று வைத்தால் 250, 500, 500, 500 எனக் கூட்டி 1.75 செக்கனில் பாதை மாறிவிடும். இரண்டு பாதைகள் உள்ள இணைப்பானால் மொத்த மீள்முயற்சி எல்லையையும் 10இலிருந்து 6 ஆகக் குறைக்க வேண்டும். இந்த எண்களை அப்படியே எல்லா இடத்திலும் போட்டுவிடவும் கூடாது. மறுமுனை, பொதி கிடைத்தது என்ற பதிலை 200 மில்லிசெக்கன் வரை தாமதித்து அனுப்பும் வழக்கமுடையது. அதைக் குறைக்காமல் காத்திருப்பை மட்டும் சுருக்கினால், தொலையாத பொதியையும் தொலைந்ததாக எண்ணி மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலை நாமே உண்டாக்குவோம். முதலில் இரண்டு பாதைகளிலும் போய்வரும் நேரத்தை நெரிசல் வேளையில் அளக்க வேண்டும். சும்மா நிற்கும் மாற்றுப் பாதையைச் சோதிக்கும் இதயத்துடிப்புச் செய்தி 30 செக்கனுக்கு ஒருமுறை போவதும் போதாது. அப்படி விட்டால் மாற்றுப் பாதை செத்ததை அறியவே ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும். 5 செக்கனுக்கு ஒன்று அனுப்புவது நல்லது.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இரண்டாவது விடயம். முகவரி இரண்டு இருக்கலாம். இரண்டும் ஒரே பைபரில் போனால் பயன் என்ன? மட்டக்களப்பு, வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் ஊர். வெளியே போகும் பெருவழிகள் வடக்கே வாழைச்சேனைப் பக்கம் ஏ-15, தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று வழியாக ஏ-4, மேற்கே செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏ-5 என விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு ஒரு வீதி மட்டும் போதாது என்பதை விளக்கத் தேவையில்லை. கணினித் திரையில் இரு பாதைகளும் வெவ்வேறாகத் தெரியும். நிலத்தடியில் ஒரே குழாயில், ஒரே பாலத்தின் ஓரத்தில் போகக்கூடும். கேபிள் வரைபடத்தைக் கையில் வைத்துத் தடம் பிடித்துத்தான் இதை உறுதிசெய்ய வேண்டும். சேர்வரிலும் ஒரு பொறி உண்டு. இரண்டு வலை அட்டைகளைப் பூட்டிவிட்டு, மூல முகவரிக்கேற்பத் தனித்தனி வழியை எழுதாமல் விட்டால் எல்லாப் பொதியும் ஒரே அட்டையால்தான் வெளியேறும்.

வலையமைப்பின் காவலரணான பயர்வாலும் காலைவாரும். எஸ்.சி.ரி.பி.யின் நெறிமுறை எண் 132. அதைத் திறந்துவிட்டோம் என்று நினைத்திருப்போம். ஆனால் இணைப்புத் தொடங்கிய கைகுலுக்கல் முதல் பாதையால் போயிருக்கும். இரண்டாம் பாதையில் உள்ள பயர்வால் அதைக் காணாததால், பாதை மாறும் நாளில் எல்லாவற்றையும் தடுத்துவிடும். இன்னொன்று பொதியின் அளவு. பொதியை மறைத்து இன்னோர் உறைக்குள் இட்டு அனுப்பும் குறியாக்கச் சுரங்கம் ஒன்றினூடாகப் போகும்போது 1500 பைட் பொதி அடங்காது. 'சிறிதாக்கு' என்று திரும்பிவரும் ஐ.சி.எம்.பி. எனும் அறிவிப்புச் செய்தியையும் யாராவது தடுத்துவைத்திருப்பார்கள். அப்போது சிறிய இதயத்துடிப்புகள் போகும், அலாரப் பலகை பச்சையாக இருக்கும், பெரிய பொதிகள் மட்டும் காணாமல் போகும். எஸ்.சி.ரி.பி. பொதியை 1400 பைட்டுக்குள் அடக்கினால் பெரும்பாலும் தீரும்.

1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியவற்றுக்குப் போகும் அழைப்புகளும் சமிக்ஞை இல்லாமல் இணையா. ஆகவே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நாம் கேட்பது இதுதான். கிழக்கில் சேவை வழங்கும் எல்லா நிறுவனங்களும் ஒவ்வொரு ஆண்டும் ஒக்டோபருக்குள், போக்குவரத்துக் குறைந்த அதிகாலையில், முதன்மைப் பாதையின் கேபிளை உண்மையாகவே கழற்றிச் சோதிக்க வேண்டும். மென்பொருளில் நிறுத்துவது போதாது. அது மறுமுனைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு மூடும், அறுந்த கம்பி அப்படிச் சொல்லாது. மாற்றுப் பாதைக்குத் தாவ எத்தனை செக்கன் எடுத்தது, இரு பாதைகளும் எந்தெந்த வீதியால் போகின்றன என்ற விபரம் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். செக்கன் கணக்கையாவது மக்களுக்கு வெளியிட வேண்டும்.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழக வளாகங்களின் மாணவர்கள் இதைக் கற்கப் பெரிய செலவில்லை. இரண்டு வலை அட்டைகள் கொண்ட இரண்டு பழைய கணினிகள், லினக்ஸ், பொதிகளைப் பார்க்க உதவும் வயர்ஷார்க் மென்பொருள் இருந்தால் போதும். எஸ்.சி.ரி.பி. லினக்ஸிலேயே உண்டு, எம்3யூஏவுக்கு ஒஸ்மோகொம் மென்பொருள் இலவசம். முதலில் நேர அளவுகளைத் தொடாமல் ஒரு கேபிளைக் கழற்றிக் கடிகாரத்தைப் பார்க்கட்டும்; பிறகு மேலே சொன்ன எண்களை இட்டு மீண்டும் கழற்றட்டும்.

இவ்வண்ணம்,
தொலைத்தொடர்புத் துறைசார்ந்த வாசகர்கள் சிலர்,
மட்டக்களப்பு.